டாக்டருக்கு யார் எஃப்.சி. பார்ப்பது?

டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னால் நீட்டுகிறோம். மூச்சை இழுத்து விடச் சொன்னால் விடுகிறோம். 'இவர் நிஜமாகவே படித்தவர்தானா? படித்தது இன்னும் ஞாபகம் இருக்கிறதா?' என்று கேட்க நமக்குத் தைரியம் ஏது?

நமக்காக அதைக் கேட்கத்தான் நாட்டுக்கு நாடு மெடிக்கல் கவுன்சில்கள் இருக்கின்றன. பிரிட்டனில் இருப்பது ஜெனரல் மெடிக்கல் கவுன்சில். 1858-ம் வருடச் சட்டத்தால் பிறந்தது. இதன் பதிவேட்டில் பெயரும், கையில் லைசென்ஸும் இல்லாமல் அங்கே யாரும் டாக்டராக வேலை பார்க்க முடியாது.

கொரோனா வந்ததும் இந்தக் கறாரான கவுன்சிலே பல விதிகளைத் தளர்த்த வேண்டி வந்தது. தளர்த்தியதைத் திரும்ப எப்படி இறுக்கியது? அதில்தான் நோயாளியின் உயிர் இருக்கிறது!

கதவு திறந்தது

2020 மார்ச் கடைசி. ஓய்வு பெற்றோ, வேறு காரணத்தாலோ பதிவேட்டை விட்டுப் போயிருந்த டாக்டர்களை, அவர்கள் விண்ணப்பிக்காமலேயே கவுன்சில் தற்காலிகமாகத் திரும்பச் சேர்த்தது. அப்படி வந்தவர்கள் 25,000-க்கும் மேல். 'என்னால முடியாதுப்பா' என்றவர்கள் விலகிக்கொள்ளலாம். புகார் நிலுவையில் இருந்தவர்களுக்கு மட்டும் கதவு திறக்கவில்லை. கடைசி வருட மாணவர்களுக்கும் முன்கூட்டியே பதிவு கொடுத்தார்கள்.

வண்டிக்கு எஃப்.சி. பார்ப்பதுபோல அங்கே டாக்டர்களுக்கும் ஒரு சோதனை உண்டு. பெயர் ரீவேலிடேஷன். வருடா வருடம் இன்னொரு டாக்டர் உட்கார்ந்து மதிப்பிடுவார். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை லைசென்ஸ் தொடரலாமா என்று முடிவாகும். 2012 டிசம்பரில் ஆரம்பித்தது. இதற்குப் பின்னால் ஒரு பயங்கரம் இருக்கிறது. ஹரால்ட் ஷிப்மன் என்ற டாக்டர் தன் நோயாளிகள் 15 பேரைக் கொன்றதற்காக 2000-ல் தண்டனை பெற்றார். கவுன்சில் நோயாளியைவிட டாக்டரையே பாதுகாக்கிறது என்று விசாரணைக் கமிஷன் கடுமையாகச் சாடியது.

இவ்வளவு முக்கியமான சோதனையையும் கொரோனாவில் ஒரு வருடம் தள்ளிப்போட்டார்கள். வார்டில் ஆள் இல்லாதபோது ஃபைலைத் தயார் செய்யச் சொல்ல முடியுமா?

வெளிநாட்டு டாக்டர்கள் எழுதும் 'பிளாப்' தேர்வும் நின்றது. இதன் முதல் பகுதியை நம் சென்னையிலேயே எழுதலாம். இரண்டாம் பகுதிக்கு மான்செஸ்டர் போக வேண்டும். அங்கே போன நம் நாட்டு டாக்டர்கள் பலர் தேர்வும் இல்லாமல், திரும்ப விமானமும் இல்லாமல் தவித்தார்கள். ஆகஸ்டில்தான் தேர்வு மறுபடி தொடங்கியது, அதுவும் இடைவெளி விட்டு, குறைந்த எண்ணிக்கையில்.

திரும்ப இறுக்கியது எப்படி?

வருடாந்தர மதிப்பீடு 2020 இலையுதிர்காலத்தில் திரும்பி வந்தது, ஆனால் பழைய உருவத்தில் அல்ல. காகித வேலையைக் குறைத்தார்கள். 'நீங்க எப்படி இருக்கீங்க? தூங்கறீங்களா?' என்ற பேச்சுக்கு இடம் கொடுத்தார்கள். இது வெறும் உபசாரம் இல்லை. களைத்துப்போன டாக்டரின் கையில் நோயாளிக்கும் ஆபத்து என்பதைக் கவுன்சிலுக்காகத் தயாரான ஓர் அறிக்கை 2019-லேயே சொல்லியிருந்தது.

திரும்ப வந்த பழைய டாக்டர்களின் பதிவும் தற்காலிகம்தான். அதற்குப் பிறகும் தொடர வேண்டுமானால் முறைப்படி விண்ணப்பிக்க வேண்டியிருந்தது.

அடுத்து, 2021 முதல் 2025 வரைக்கான திட்டம். அதில் ஒரு விஷயம் நம்மவர்களைத் தொடுகிறது. வெள்ளையர் அல்லாத டாக்டர்கள்மீது ஆஸ்பத்திரி நிர்வாகங்கள் கவுன்சிலுக்கு அனுப்பிய புகார், அப்போது விகிதப்படி ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது! இந்த ஏற்றத்தாழ்வை 2026-க்குள் ஒழிப்பது என்று 2021-ல் இலக்கு வைத்தார்கள். புகாருக்குப் பயந்து டாக்டர் தவறை மறைத்தால், கடைசியில் கஷ்டப்படுவது நோயாளிதானே! டாக்டர்களுக்கான நடத்தை விதிகளையும் திருத்தி எழுதி, 2024 ஜனவரி 30 முதல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள்.

சரி, நாம் என்ன செய்யலாம்?

● மருந்துச் சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். நம் நாட்டில் 2002-ம் வருட விதிப்படி சீட்டிலும் கிளினிக்கிலும் அது இருக்க வேண்டும்.

● சந்தேகம் வந்தால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் அந்தப் பதிவைச் சரிபார்க்கலாம். டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். ஒழுங்காகப் படித்துப் பதிவு செய்தவருக்கு இதில் கோபிக்க ஒன்றுமில்லை.

● புகார் சொல்வதானால் சீட்டு, பில், ரிப்போர்ட் எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரு ஃபைலில் பத்திரப்படுத்துங்கள். வாய்வார்த்தை எங்கேயும் எடுபடாது.

● ராத்திரி முழுக்கக் கண்விழித்த டாக்டரிடம் காலையில் சண்டை போடாதீர்கள். மருந்தின் பெயரையும் அளவையும் மட்டும் பொறுமையாக இன்னொரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். அது உங்கள் உரிமை!