நெஞ்சுக்குள் குடல்

பிறந்த சற்று நேரத்திலேயே குழந்தைக்கு மூச்சு வாங்குகிறது, உடல் நீலம் பாரிக்கிறது. வயிறு மட்டும் ஒட்டிக் குழிந்து கிடக்கிறது. எக்ஸ்ரேயில் இடப்பக்க நெஞ்சு முழுக்கக் காற்றடைத்த குடல் வளையங்கள். இதயம் வலப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது. இது பிறவியிலேயே வரும் உதரவிதான ஹெர்னியா. ஏறக்குறைய மூவாயிரம் பிரசவங்களுக்கு ஒன்று.

நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் கருவின் பத்தாவது வாரத்துக்குள் மூடிவிட வேண்டும். பெரும்பாலும் இடப்பக்கப் பின்புறத்தில் ஓட்டை நின்றுவிடுகிறது. 1848இல் இதை விவரித்த பிராக் உடற்கூறியலாளர் போக்டாலெக்கின் பெயரே அதற்கு. ஓட்டையைத் தைத்துவிடலாம். ஆனால் குடல் ஏறி இடத்தை அடைத்துக்கொண்டதால் நுரையீரல் வளராமல் போயிருக்குமே, உயிருக்கு உலை வைப்பது அதுதான்.

இப்போதெல்லாம் ஐந்தாம் மாத ஸ்கேனிலேயே பல குழந்தைகளுக்குத் தெரிந்துவிடுகிறது. இதயத்துக்குப் பக்கத்தில் இரைப்பை கறுப்பாகத் தெரிந்தால் சந்தேகம் வரும். அதில் தப்பியவர்களுக்கு எக்ஸ்ரேதான் கதி. அதுவும் ஏமாற்றும். குழந்தை காற்றை விழுங்குவதற்கு முன் எடுத்த படத்தில் குடல் வளையங்கள் தெரியாது, நெஞ்சின் ஒரு பாதி வெறும் வெள்ளையாக இருக்கும். வலப்பக்க ஓட்டையில் கல்லீரல் ஏறியிருந்தாலும் அதே வெள்ளைதான். நிமோனியா என்றோ நீர் கோத்திருக்கிறது என்றோ நினைக்கத் தோன்றும். நுரையீரலிலேயே பிறவிக் கட்டிகள் இருந்தால், அவையும் குடல் வளையங்களைப் போலவே குமிழ் குமிழாகத் தெரியும்.

அதனால் நெஞ்சுப் படம்தானே என்று நெஞ்சோடு நிறுத்தக் கூடாது, வயிற்றையும் சேர்த்து எடுக்க வேண்டும். நுரையீரல் கட்டி என்றால் வயிற்றில் குடல் காற்று வழக்கம்போல இருக்கும். ஹெர்னியா என்றால் வயிறு ஏறக்குறைய காலி. மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் போட்டுப் படமெடுத்தால் இன்னும் தெளிவு: குழாயின் நுனி நெஞ்சுக்குள் வளைந்து நின்றால் இரைப்பையே மேலே ஏறிவிட்டது என்று பொருள். (நுனி கீழே இருப்பதால் மட்டும் ஹெர்னியா இல்லை என்றாகாது.) அந்தக் குழாயே காற்றை உறிஞ்சிக் குடல் உப்பாமலும் காக்கிறது. முகமூடி வைத்துப் பையை அமுக்கினால் காற்று குடலுக்கும் போய் நெருக்கடி கூடும். மூச்சுக்குழாயில் நேரே ட்யூப் போடுவது அதற்காகத்தான்.

சிலருக்கு மாதங்கள், ஆண்டுகள் கழித்தே வெளிப்படும். நெஞ்சில் உப்பிய இரைப்பையை, நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்துவிட்டதாக எண்ணி ஊசி குத்தினால் இரைப்பையே ஓட்டையாகிவிடும். சந்தேகம் இருந்து, குழந்தையின் நிலையும் இடம் கொடுத்தால், முதலில் குழாயைப் போட்டு இன்னொரு படம் எடுப்பதே நல்லது.