'டெட்லைன்' பிறந்த இடம்

விண்ணப்பம், திட்ட அறிக்கை, கடன் தவணை எதுவானாலும் நாம் 'டெட்லைன்' எப்போது என்றுதான் கேட்கிறோம். 'இறுதித் திகதி' என்ற நல்ல தமிழ் இருந்தும் வாய்க்கு வருவது அதுவே. 'டெட்' இறந்ததைக் குறிக்கும், 'லைன்' கோடு. ஒரு திகதிக்குச் சாவின் பெயர் எப்படி வந்தது?

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864 பெப்ரவரியில், தென்மாநிலப் படையினர் ஜோர்ஜியாவின் அன்டர்சன்வில்லில் போர்க்கைதிகள் முகாமொன்றைத் திறந்தனர். உயரமான மரச்சுவருக்கு உட்புறம், ஏறத்தாழ 19 அடி தள்ளி, தாழ்வான மரவேலி ஒன்று ஓடியது. அதுதான் 'டெட்லைன்'. அதைக் கடப்பவரைப் பரணிலிருந்த காவலர் எச்சரியாமலே சுடலாம். தப்பியோட முயன்றவர் மட்டுமல்ல, சற்றுத் தெளிந்த நீருக்காக வேலிக்கு அப்பால் கைநீட்டியவர்களும் சுடப்பட்டனர்.

அங்கு அடைக்கப்பட்ட ஏறத்தாழ 45,000 பேரில் 13,000 பேர்வரை மாண்டனர். பெரும்பாலோரைக் கொன்றது துப்பாக்கியன்று, பட்டினியும் வயிற்றோட்டமுமே. முகாம் அதிகாரி ஹென்றி வேர்ஸ் 1865 நவம்பரில் தூக்கிலிடப்பட்டார். அவர்மீதான குற்றப்பத்திரத்தில் இக்கோடும் இடம்பெற்றது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பத்திரிகை அலுவலகங்கள், செய்தி வந்துசேர வேண்டிய கடைசி நேரத்தை இச்சொல்லால் குறிக்கலாயின. நேரம் கடந்த செய்தி அன்றைய பத்திரிகையில் வராது, அவ்வளவுதான்.