எழுதிப் பொருள் தேடலாமா?

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில், வெயில் சாய்ந்த நேரத்தில், என்னிடம் உயர்தரம் படித்து இப்பொழுது பட்டப்படிப்பின் இரண்டாம் வருடத்தில் இருக்கும் மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். படுவான்கரைக் கிராமமொன்றிலிருந்து, மண்முனைப் பாலத்தைக் கடந்து, தம்பியின் துவிச்சக்கர வண்டியிற் பின்னாலிருந்து வந்த பிள்ளை. கையில் ஒரு முட்டி எருமைத் தயிர்.

“என் சொந்த உழைப்பில் வாங்கியது, சேர்” என்றாள்.

அவள் தந்தையார் வாவியில் வலை வீசிக் குடும்பத்தை நடத்துபவர். அந்த வீட்டில் ஒரு பெண்பிள்ளை தன் உழைப்பிற் காசு காண்பதென்றால், அது என் போன்ற ஆசிரியனுக்கும் பெருமையன்றோ? என்ன உத்தியோகம் என்று விசாரித்தேன். “எழுதுகிறேன், சேர். இணையத்தில். ஆயிரம் சொல்லுக்கு ஐந்து டொலர் தருகிறார்கள்” என்றாள். மகிழ்ச்சி இரட்டித்தது. எழுதியதைக் காட்டும்படி கேட்டேன். தன் கைத்தொலைபேசியைத் திறந்து தந்தாள்.

படுக்கையிற் கிடக்கும் முதியவர்களுக்கு ஏற்படும் புண்களைப் பராமரிப்பது பற்றிய ஆங்கிலக் கட்டுரை அது. தெளிவான நடை, ஒழுங்கான வாதம். என் மாணவியின் ஆங்கிலம் இவ்வளவு தூரம் வளர்ந்துவிட்டதா என்று வியந்தபடியே, “இது எந்தப் பத்திரிகையில், உன் பெயரிலா வரும்?” என்று கேட்டேன்.

“பெயர் வராது, சேர். அவுஸ்திரேலியாவில் தாதியர் படிப்புப் படிக்கிற ஒரு பிள்ளை தன் பெயரைப் போட்டுக் கொடுக்கும்.”

அவள் அதைச் சொன்ன விதத்தில் ஒளிவுமறைவு ஏதும் இருக்கவில்லை. ஒரு தையற்காரி தான் தைத்த சட்டையை யார் அணிவார் என்று சொல்வதைப் போலத்தான் சொன்னாள். அன்றிரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. இந்தக் கட்டுரை அந்த இரவில் தொடங்கியது.

கூலிக்கு எழுதுவது இழிவு என்று சொல்ல வந்தேனென்று வாசகர்கள் எண்ணிவிடக் கூடாது. புலவர்கள் பரிசில் பெற்றுப் பாடிய மரபு நம்முடையது. பாரதியார் 1904ஆம் ஆண்டில் ‘சுதேசமித்திரன்’ அலுவலகத்திற் சம்பளத்துக்கு அமர்ந்தவர். சிறுகதைக்குப் புது வழி கண்ட புதுமைப்பித்தன் எழுத்தையே நம்பி வாழ்ந்து, 1948இல் நோயிலும் வறுமையிலும் மறைந்தார். எழுதுகிறவனுக்குக் கூலி கொடுக்கத் தவறியதுதான் நம் சமூகத்தின் பழி. எழுதுகிறவன் கூலி கேட்டது பழியன்று.

நம்மூரிலேயே அதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. போர்த்துக்கேயர் 1628இற் கட்டி, ஒல்லாந்தர் 1638இற் கைப்பற்றிய மட்டக்களப்புக் கோட்டைக்குள் நெடுங்காலம் கச்சேரி இயங்கி வந்தது. கச்சேரிகள் இருந்த ஊர்களிலெல்லாம் பெட்டிசம் எழுதுவோர் இருந்தார்கள். காணிப் பிணக்கோடும் கடன் முறையீட்டோடும் வந்த ஏழை எளியவரின் வாய்மொழியை அரசாங்கத்துக்கு விளங்கும் மொழியில் எழுதிக்கொடுத்துச் சில்லறை பெற்றார்கள். அவர்களும் தம் பெயரைப் போடவில்லை. பிறர் பெயரில்தான் எழுதினார்கள். அப்படியானால் என் மாணவி செய்தது மட்டும் எப்படிக் குற்றமாகும்?

இந்தக் கேள்வியை அவளே மறுமுறை வந்தபோது என்னிடம் கேட்டாள். நல்ல கேள்வி. என் விடை இதுதான்: பெட்டிசக்காரர் எழுதத் தெரியாதவருக்காக எழுதினார், அவருக்கு எழுதத் தெரியாதென்பது கச்சேரி முழுவதும் அறிந்த செய்தி. அங்கே யாரும் ஏமாறவில்லை. இங்கேயோ, கற்றுவிட்டேன் என்று ஒருவர் காட்டிக்கொள்வதற்காக இன்னொருவர் கற்கிறார். நாளைக்கு அந்தத் தாதி ஒரு முதியவரின் கட்டிலருகே நிற்கும்போது, புண்ணைப் பற்றி அறிந்தவள் படுவான்கரையில் இருப்பாள். அறியாதவள் மருந்துத் தட்டோடு நிற்பாள்.

இது என் ஒருவனின் ஆசாரமான கருத்தென்று தள்ளிவிட முடியாது. மாணவருக்குப் பதிலாகக் காசுக்குக் கட்டுரை எழுதிக் கொடுக்கும் வணிகத்தை அவுஸ்திரேலியா 2020ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குற்றமாக்கியது. தண்டனை இரண்டாண்டு வரையான சிறை. இங்கிலாந்து 2022இல் அவ்வாறே சட்டம் இயற்றியது. எழுதி வாங்கிய மாணவரைப் பின்னர், “பல்கலைக்கழகத்துக்குச் சொல்லிவிடுவோம்” என்று மிரட்டிப் பணம் பறிக்கும் தரகர்களும் உண்டென்று அந்நாட்டு அதிகாரிகள் எச்சரித்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட கடையொன்றின் பின்கட்டிலேதான் நம் பிள்ளைகள் விளக்கேற்றி வைத்து எழுதுகிறார்கள்.

ஆனால் அவர்களை அங்கே அனுப்பிவைத்தது எது என்பதையும் நினைக்க வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. மண்ணெண்ணெய்க்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை. அக்காலத்தில் ஐந்து டொலர் கையில் வந்தால் அது ஒரு வீட்டின் சில நாட் சாப்பாடு. அந்நாட்களில் இணையத்திற் கூலி தேடக் கற்றுக்கொண்ட ஒரு தலைமுறைக்கு, “அது தகாது” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாய்மனைக் கதிரையில் அமர்வது ஆசிரியனுக்கு அழகல்ல. வேறு வழி எது என்று காட்டவும் வேண்டும்.

ஆகவே, இணையத்துக்கு எழுதும் தொழில் எப்படி வளர்ந்தது, எப்படித் தேய்ந்தது என்று சற்றுத் தேடிப் படித்தேன். கதை சுவையானது. மக்கள் இணையத்தில் எதைத் தேடுகிறார்கள் என்று கணித்து, அந்தக் கேள்விகளுக்கெல்லாம் மலிவாகக் கட்டுரை எழுதுவித்து, பக்கத்துக்குப் பக்கம் விளம்பரம் இட்டுக் காசு பார்ப்பது ஒரு பெரும் வணிகமாக அமெரிக்காவில் எழுந்தது. ‘டிமாண்ட் மீடியா’ என்ற நிறுவனம் ஒரு கட்டுரைக்குச் சுமார் 15 டொலர் கொடுத்தது. 2011 ஜனவரியில் அதன் பங்குகள் சந்தைக்கு வந்தபோது, நூற்றாண்டு கடந்த ‘நியூயோர்க் ரைம்ஸ்’ நிறுவனத்தைவிட அதற்கு மதிப்பு அதிகமாயிற்று! அடுத்த மாதமே கூகுள் நிறுவனம் தன் தேடும் முறையை மாற்றி, பயனற்ற பக்கங்களைப் பின்னுக்குத் தள்ளத் தொடங்கியது. ‘அசோசியேற்றட் கொன்ரென்ற்’ என்ற இன்னொரு தளத்தை யாகூ 2010இல் ஏறத்தாழ 10 கோடி டொலருக்கு வாங்கியது, 2014இல் மூடிவிட்டது. அதிலே எழுதிய ஆயிரக்கணக்கானோரின் கட்டுரைகள் ஒரே நாளில் விலாசமில்லாமற் போயின.

பின்னர் 2022 நவம்பரில் ‘சாட்ஜிபிடி’ வந்தது. “தலைமுடி வளர்ப்பது எப்படி”, “நேர்முகத் தேர்வில் வெல்வது எப்படி” என்பன போன்ற பொதுக் கட்டுரைகளை இன்று இயந்திரம் சில நொடிகளில் எழுதித் தள்ளுகிறது, கூலி கேட்பதுமில்லை. எனவே, எவரும் எங்கிருந்தும் எழுதக்கூடியதை எழுதிப் பிழைக்கலாம் என்று இன்று யாரேனும் உங்களுக்கு ஆசை காட்டினால், அவர் பழைய பஞ்சாங்கம் படிக்கிறார். அல்லது உங்கள் சட்டைப்பையைப் பார்க்கிறார்.

எஞ்சியிருப்பது எது? எவரும் எங்கிருந்தும் எழுத முடியாதது.

நம் வாவியின் பாடும் மீனையே எடுத்துக்கொள்ளுங்கள். எமர்சன் ரெனென்ற் என்ற பிரித்தானிய அதிகாரி, 1848இல் மட்டக்களப்புக்கு வந்து, நிலவில் தோணியேறிப்போய் அந்த நாதத்தைக் கேட்டார். ‘ஊரி’ என்னும் சிப்பியினமே அவ்வாறு ஒலிக்கிறதென்று மீனவர்கள் தமக்குச் சொன்னதையும் குறித்துக்கொண்டார். 1859இல் வெளிவந்த தம் பெரிய நூலில் அதை எழுதினார். காரைதீவில் 1892இற் பிறந்த சுவாமி விபுலானந்தர் அதே ஒலியை நெஞ்சிற்கொண்டு நீரர மகளிரைப் பாடி, 1947இல் அரங்கேறிய ‘யாழ் நூலில்’ வைத்தார். அதன் பிறகு? இணையத்திற் பாடும் மீனைப் பற்றித் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் ரெனென்றையே திருப்பித் திருப்பிச் சொல்கிறார்கள். கல்லடிப் பாலத்தருகே ஓர் இரவு தோணியில் இருந்து, துடுப்பிற் காதை வைத்துக் கேட்டு, மீனவர் நால்வரிடம் விசாரித்து எழுதிய கட்டுரை ஒன்றைத் தேடித் தேடி எனக்குக் கண் வலித்ததுதான் மிச்சம். தன் பெயரோடு அதை எழுதக்கூடியவர் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் இருக்கிறார். இயந்திரத்துக்குத் தோணி ஏறத் தெரியாது.

வடமோடி, தென்மோடிக் கூத்துகள், கொக்கட்டிச்சோலைத் தேரோட்டம், மண்டூர் முருகன் கோயிலில் வாய்கட்டிப் பூசை செய்யும் முறை, கண்ணகி வழக்குரை, இறால் வளர்ப்பின் இலாபமும் சேதமும், எருமைப் பட்டியின் கணக்கு, எத்தனை பொருள்கள்! இவற்றிற்குப் பின்புலம் வேண்டுமானால், பண்டிதர் வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ இருக்கிறது. 2005 முதல் இயங்கும் ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களைக் காசு கொடாமலே படிக்கலாம். தமிழில் எழுதினால் பயனில்லை என்பதும் பழைய பேச்சு. கூகுளின் விளம்பர ஏற்பாடு 2018 பெப்ரவரி முதல் தமிழ்ப் பக்கங்களையும் ஏற்கிறது. வருமானம் சிறிது சிறிதாகத்தான் வரும். முதலாண்டில் தயிர் முட்டிக்குக்கூடக் காணாது என்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவ்வளவு நாள் பொறுக்க முடியாத வீட்டுப்பிள்ளை மொழிபெயர்ப்பைப் பழகலாம். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் சீராகத் தெரிந்தவரை நம் நாட்டில் எந்தக் கந்தோரும் சும்மா அனுப்பிவிடுவதில்லை. இயந்திரம் செய்த மொழிபெயர்ப்பைத் திருத்துவதற்கும் ஆள் தேவைப்படுகிறது. அந்தத் திருத்தம் மூலத்தைவிடக் கடினமென்பதை அனுபவித்தவர் அறிவர்.

பெற்றோர் கவனத்துக்குச் சில வார்த்தை. வேலை தருவதற்கு முன் “பதிவுக் கட்டணம்” கேட்பவன் எவனாயினும் அவனோடு பேச்சை நிறுத்துங்கள். எழுதுகிறவனுக்குத்தான் காசு வரவேண்டும், எழுதுகிறவனிடமிருந்தல்ல. கட்டுரையின் உரிமை யாருடையது, பெயர் வருமா, எத்தனை டொலர் சேர்ந்த பின் பணம் கையில் தருவார்கள் என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். ஐம்பது டொலர் சேர்ந்தாற்றான் தருவோம் என்று சொல்லி, நாற்பத்தெட்டில் ஆளை வெளியேற்றும் தந்திரமும் உலகில் உண்டு. பணம் எவ்வழியாக இலங்கை வங்கிக் கணக்குக்கு வரும் என்பதை முதலிலேயே விசாரியுங்கள். வெளிநாட்டுக்குச் சேவை செய்து பெறும் வருமானத்துக்கு 2025 ஏப்ரல் 1 முதல் வரி உண்டு. அதன் உச்ச வீதம் நூற்றுக்கு 15. அதே நாள் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் வரை தனியாளுக்கு விலக்கு இருப்பதால், ஐந்து டொலர்க் கட்டுரைக்காரர் அஞ்ச வேண்டியதில்லை. கணக்கெழுதி வைத்தாற் போதும்.

இனி என் மாணவியிடம் வருகிறேன். இரண்டாம் முறை அவள் வந்தபோது நான் சட்டத்தைச் சொன்னேன்; தாதியின் கட்டிலைச் சொன்னேன். அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “சேர், இன்னும் ஒன்று ஏற்றிருக்கிறேன். பாதிக் காசு வாங்கிவிட்டேன். அதில் தம்பிக்குச் சப்பாத்து வாங்கியாயிற்று” என்றாள். இதற்கு நான் என்ன சொல்லலாம்? அந்தப் பணத்தை நான் தருவதாகச் சொன்னேன். அவள் அதை வாங்க மறுத்தாள். தானே திருப்பிக் கொடுத்தாள். தரகன் முன்பு செய்த மூன்று கட்டுரைகளின் மிச்சக் கூலியையும் பிடித்துக்கொண்டான். முறையிட இடமில்லை, பெயரில்லாமல் எழுதியவளுக்கு எந்த நீதிமன்றில் வழக்கு?

“ஒரு வருடமாக எழுதினேன், சேர். காட்டுவதற்கு ஒரு தாள் இல்லை” என்றாள். நாளைக்கு ஓர் உத்தியோகத்துக்கு விண்ணப்பிக்கும்போது, அவளுடைய அத்தனை நல்ல ஆங்கிலமும் வேறு பிள்ளைகளின் சான்றிதழ்களுக்குள்ளே கிடக்கும்.

“உன் அப்பா வலை வீசுவதை எழுது, மகள்” என்றேன். அவள் சிரித்தாள், அதில் எழுத என்ன இருக்கிறது என்ற சிரிப்பு. ஆனாலும் எழுதினாள். தமிழிலும் ஆங்கிலத்திலுமாக ஆறு பக்கம். தமிழ்ப் பிரதியை முதலில் தந்தையாருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். மகள் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு தம் தொழிலைப் பற்றி அவரிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லையாம். அவர் வெற்றிலையை ஒதுக்கிவிட்டு, மூன்றாம் பக்கத்தில் நிறுத்தச் சொன்னார். நிலவுக் காலத்தில் இறால் நிறையப் படுமென்று அவள் எழுதியிருந்தது தவறாம். நிலவென்றால் வலையை இறால் கண்டுவிடும், இருட்டில்தான் தொழில். நிலவில் தோணி விடுவது மீன் பாட்டுக் கேட்கிறவர்களுக்குத்தான் என்று சொல்லி, அவர் அன்று மாலை அவளையும் தோணியில் ஏற்றிக்கொண்டு போனார்.

மூன்றாம் பக்கத்தைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறாள்.