டேட்டா யாருடைய உடைமை? ஸ்டார் ட்ரெக் தொடரில் இரு வழக்குகள்

‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரின் இரண்டாம் பருவத்தில், 1989 பிப்ரவரியில் ஒளிபரப்பான அத்தியாயம் ‘தி மெஷர் ஆஃப் எ மேன்’. இதை எழுதிய மெலிண்டா ஸ்னாட்கிராஸ் எழுத்துக்கு வருமுன் வழக்கறிஞராக இருந்தவர். கதை நெடுக அது தெரிகிறது.

டேட்டா ஓர் இயந்திர மனிதர். விண்வெளிப் படையின் அதிகாரி, பதக்கங்கள் பெற்றவர். மேடாக்ஸ் என்னும் ஆய்வாளர் அவரைப் பிரித்து ஆராய்ந்து, அவரைப் போலவே ஏராளமானோரை உருவாக்க விரும்புகிறார். மறுக்கும் டேட்டா பதவி விலகுகிறார். உடைமைக்குப் பதவி விலகும் உரிமை ஏது என்று கேட்கிறார் மேடாக்ஸ். பழைய சட்டமொன்றைப் புரட்டிய படைத்துறை நீதிபதி, டேட்டா படையின் சொத்து என்று முதலில் தீர்ப்பளிக்கிறார். கப்பலின் தலைவர் பிக்கார்ட் அதை எதிர்க்க, விசாரணை தொடங்குகிறது.

அரசுத் தரப்பில் வாதாட ஆள் இல்லாததால் டேட்டாவின் நண்பரான ரைக்கர் பணிக்கப்படுகிறார். மறுத்தால் முதல் தீர்ப்பே நிலைக்கும். அவர் டேட்டாவின் கையைக் கழற்றிக் காட்டுகிறார். பிறகு விசையை அழுத்தி அவரை அணைத்தே விடுகிறார். இந்த வாதத்தின் வலிமை அச்சுறுத்துவது. ஓர் உடலைப் பாகங்களாகக் காட்டிவிட்டால், அதற்குரியவரைப் பற்றிய கேள்வி அவையிலிருந்து மறைந்துவிடுகிறது.

திருப்பம் நீதிமன்றத்துக்கு வெளியே நிகழ்கிறது. கப்பலின் மதுக்கூடத்தை நடத்தும் கைனன், பிறர் செய்ய விரும்பாத வேலைகளைச் செய்யத் தூக்கியெறியத்தக்க உயிர்கள் பல உலகங்களிலும் இருந்திருக்கின்றன என்று பிக்கார்டிடம் பேசுகிறார். அந்தப் பாத்திரத்தில் நடித்தவர் கறுப்பினப் பெண்ணான ஊப்பி கோல்ட்பர்க். ‘அடிமைமுறை’ என்ற சொல்லை அவர் உச்சரிப்பதில்லை. பிக்கார்டின் வாயிலிருந்தே அது வருகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1857-இல் டிரெட் ஸ்காட் வழக்கில் வழங்கிய தீர்ப்பை அறிந்தவர்களுக்கு இக்காட்சி ஆண்டு எத்தனையோ கடந்த கற்பனையாகத் தோன்றாது.

பிறகு வரும் குறுக்கு விசாரணையைச் சட்ட மாணவர்கள் மீண்டும் பார்க்கலாம். உணர்வுள்ள உயிருக்கு மேடாக்ஸ் மூன்று அளவுகோல்களைச் சொல்கிறார்: அறிவு, தன்னுணர்வு, உணர்நிலை. அப்படியானால் எனக்கு உணர்வுண்டு என்று நிரூபியுங்கள் என்கிறார் பிக்கார்ட். மெய்ப்பிக்கும் சுமை அதுவரை டேட்டாவின் தோளில் மட்டுமே இருந்தது என்பதை அவை அப்போதுதான் கவனிக்கிறது. நமது சட்டத்தில் நிறுவனமும் கோவில் மூர்த்தியும் ‘நபர்’ ஆவதற்கு எவரும் ஆன்மாவை நிரூபித்ததில்லை.

தீர்ப்பு குறுகியது. டேட்டா யாருடைய சொத்துமல்ல, தேர்ந்தெடுக்கும் உரிமை அவருக்குண்டு; ஆன்மா உண்டா என்பதை நீதிமன்றம் சொல்லாது. தேவையானதை மட்டும் தீர்ப்பது நல்ல நீதிபதிக்கு அழகுதான். ஆனால் இந்தத் தீர்ப்பு ஒருவரை மட்டுமே காத்தது.

அந்த இடைவெளி ‘வாயேஜர்’ தொடரில் வெளிப்படுகிறது. அதன் மருத்துவர் ஒளியாலான உருவம். அவருடன் அதே வார்ப்பில் பிறந்த நூற்றுக்கணக்கானோர் காலாவதியானவர்களாக ஒதுக்கப்பட்டு, கழிவுக் கப்பல்களின் குழாய்களைத் தேய்க்க அனுப்பப்பட்டதை 2000-இல் வந்த ‘லைஃப் லைன்’ போகிற போக்கில் சொல்லிச் செல்கிறது. அத்தொடர் இதை வேடிக்கையாகவே கையாண்டது. எனக்கு அது உறுத்தல்.

அடுத்த ஆண்டின் ‘ஆதர், ஆதர்’ அந்த உறுத்தலுக்குத் தாமதமான பதில். ஒளி உருவங்கள் ஒடுக்கப்படுவதைப் பற்றி மருத்துவர் ஒரு புதினம் படைக்கிறார். திருத்தி முடிக்காத படியைப் பதிப்பாளர் அவர் ஒப்புதலின்றி வெளியிடுகிறார். ஆசிரியர் என்பவர் ஒரு நபராக இருக்க வேண்டும், இவரோ நபரல்லர் என்று வாதிடுகிறார். நடுவர் மருத்துவரைக் கலைஞராக ஏற்று, படைப்பின் மீதான உரிமையை வழங்குகிறார். நபர் என்று அறிவிக்க மட்டும் அவர் ஆயத்தமாக இல்லை. வெற்றி அவருடையது, அவரைப் போன்றோர் அனைவருடையதுமன்று.

இறுதிக் காட்சி நான்கு மாதங்களுக்குப் பிந்தையது. மருத்துவரின் அதே முகத்தோடு பலர் சுரங்கத்தில் பாறை உடைக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இன்னொருவரிடம், அடுத்த சோதனைக்குப் போகும்போது அந்தப் புதினத்தைக் கேட்டுப் பார்க்கும்படி பரிந்துரைக்கிறார்.