ஊரும் பள்ளியும் – 11: பனி உருகும் முன் வரும் அழைப்பு

நெடுங்காலம், ஜனவரிக் கடைசியில் ஒரு நாள், ஜப்பானின் சில உயர்நிலைப் பள்ளிகளில் தலைமையாசிரியர் தன் அறையை விட்டு நகரமாட்டார். மேசைமேல் தொலைபேசி. எதிரே கேமராக்களோடு பத்திரிகைக்காரர்கள். மணி அடித்ததும் எடுப்பார். பணிவோடு ஏற்றுக்கொள்கிறோம் என்று சொல்லி, எதிர்முனையில் இருப்பவர் நேரில் நிற்பதுபோலத் தலை தாழ்த்தி வணங்குவார். அதன்பின் மைதானத்துக்கு நடப்பார். குளிரில் வரிசையாக நிற்கும் பையன்களிடம் செய்தியைச் சொல்லி முடிப்பதற்குள் தொப்பிகள் மேலே பறக்கும். பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும், நம்ம பள்ளி கோஷியென் போகிறது என்று.

ஒசாகாவுக்கும் கோபேவுக்கும் நடுவே நிஷினோமியா நகரில், 1924 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பேஸ்பால் மைதானம் கோஷியென். பள்ளி மாணவர்களின் பேஸ்பாலுக்கு ஜப்பானில் இதைவிடப் பெரிய மேடை கிடையாது. ஆண்டுக்கு இரண்டு போட்டிகள். கோடைப் போட்டிக்கு மாகாணவாரியாக வென்ற 49 அணிகள் வரும். மார்ச்சில் நடக்கும் வசந்தப் போட்டியை மைனிச்சி நாளிதழும் பள்ளி பேஸ்பால் சம்மேளனமும் சேர்ந்து நடத்துகின்றன. முதல் வசந்தப் போட்டி 1924 ஏப்ரலில் நகோயாவில் எட்டே பள்ளிகளோடு நடந்தது. தகமட்சு வணிகப் பள்ளி கோப்பையை வென்றது. அடுத்த ஆண்டிலிருந்து கோஷியென்தான் அதன் வீடு.

வசந்தப் போட்டிக்குத் தகுதிச் சுற்று என்று ஒன்று இல்லை. முந்தைய இலையுதிர் காலத்தில் நடந்த வட்டாரப் போட்டிகளைப் பார்த்துத் தேர்வுக் குழு அழைக்கிறது. பொதுவாக 32 பள்ளிகள். பேஸ்பால் அணி வைத்திருக்கும் ஏறத்தாழ 3,800 பள்ளிகளில் இது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. அப்படிப்பட்ட இடங்களில் இரண்டு மூன்றை, வெற்றிக்கணக்கை மட்டும் பார்க்காமல் கொடுக்கிறார்கள். 2001-இல் தொடங்கிய இந்த ஏற்பாட்டுக்கு '21-ஆம் நூற்றாண்டு இடம்' என்று பெயர். மாகாண அளவில் ஓரளவு ஆடியிருக்க வேண்டும். கூடவே பனி, தீவு, ஆள் பற்றாக்குறை, பேரிடர் போன்ற தடைகளோடு போராடியிருக்க வேண்டும், அல்லது சொந்த ஊருக்கு உழைத்துப் பெயர் எடுத்திருக்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டைக் குறை சொல்பவர்கள் உண்டு. விளையாட்டில் வென்றவனுக்குத்தானே இடம் என்று கேட்கிறார்கள். இந்த இடத்தில் வரும் அணிகளில் பெரும்பாலானவை முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்புவதும் உண்மை. ஆனால் முதல் ஆண்டே, 2001-இல், ஒகினாவாவின் சின்னக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த கினோசா பள்ளி அரையிறுதி வரை போயிற்று. 2009-இல் மியாகி மாகாணத்தின் ரிஃபு பள்ளியும் அரையிறுதியைத் தொட்டது. போகட்டும், ஒரு ஆட்டம்கூட வெல்லாத பள்ளிகளைப் பார்த்தால்தான் இந்த இடம் எதற்கு என்பது விளங்கும்.

2022-இல் அழைக்கப்பட்ட தாதாமி பள்ளியை எடுத்துக்கொள்வோம். ஃபுகுஷிமா மாகாணத்தின் மேற்கே, மலைகளுக்கு நடுவில் இருக்கும் ஊர் தாதாமி. மக்கள்தொகை சுமார் 4,000. குளிர்காலத்தில் ஆள் உயரத்தை மீறிப் பனி குவியும். மைதானம் மாதக்கணக்கில் கண்ணிலேயே படாது. பயிற்சியெல்லாம் உடற்பயிற்சிக் கூடத்துக்குள். 2011 ஜூலையில் பெய்த பெருமழையில் ஊருக்கு வரும் தாதாமி ரயில் பாதையின் பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டன. அந்தப் பாதை முழுமையாக மீண்டும் திறக்கப்பட்டது 2022 அக்டோபரில்தான். ஊரில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்ததால், வெளியூர் மாணவர்கள் வந்து தங்கிப் படிக்கும் திட்டத்தை ஊரே நடத்துகிறது. அணியில் 13 ஆட்டக்காரர்கள், அவர்களுக்கு உதவும் இரண்டு மாணவ மேனேஜர்கள். களத்தில் ஒன்பது பேர் இறங்கிவிட்டால் வெளியே மிஞ்சுவது நாலே பேர். இவர்கள் 2021 இலையுதிர் காலத்தில் மாகாணப் போட்டியின் கடைசி எட்டுக்குள் முதல்முறையாக நுழைந்தார்கள். கோஷியெனில் 6–1 என்ற கணக்கில் தோற்றார்கள். எடுத்தது ஒரே ஒரு ரன். ஆனால் அந்த ஒரு ரன் வந்தபோது அரங்கில் ஆர்ப்பரித்தது மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு ஊர்.

இரண்டு ஆண்டு கழித்து, ஹொக்காய்டோவின் கிழக்குக் கோடியிலிருந்து பெட்சுகாய் பள்ளி வந்தது. கோஷியெனுக்கு இதுவரை வந்த பள்ளிகளிலேயே நாட்டின் கிழக்கு எல்லைக்கு மிக அருகில் இருப்பது இதுதான். பெட்சுகாய் பால் பண்ணைகளின் ஊர். மனிதர்கள் சுமார் 14,000 பேர். மாடுகளோ ஒரு லட்சத்துக்கும் மேல். பள்ளியிலேயே பால் பண்ணை நிர்வாகத்துக்கு ஒரு பாடப்பிரிவு இருக்கிறது. அணியின் அப்போதைய பயிற்சியாளர் ஊரில் கடை நடத்தியவர். கடையைப் பார்த்துக்கொண்டே பையன்களையும் பார்த்துக்கொண்டார். குளிர்காலத்தில் வெப்பநிலை மைனஸ் 20 டிகிரி வரை இறங்கும். மண் கல்லாக உறைந்துவிடும். அதனால் காய்கறி வளர்க்கப் போடுவதுபோன்ற பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் பந்தடித்துப் பழகினார்கள். கோஷியெனில் 7–0 என்று தோற்றார்கள். அந்தத் தோல்வியால் ஊரின் பெருமிதம் துளியும் குறையவில்லை.

இந்தப் பையன்கள் எப்படி உருவாகிறார்கள் என்பதற்கு ஜப்பானியப் பள்ளியின் பிற்பகலைப் பார்க்க வேண்டும். மூன்றரை மணிவாக்கில் பாடம் முடியும். மாணவர்களே துடைப்பம் எடுத்து வகுப்பறையையும் நடைபாதையையும் சுத்தம் செய்வார்கள். அதற்குப் பிறகு தொடங்குவது 'புகட்சு' என்ற மன்றச் செயல்பாடு. பேஸ்பால், கெண்டோ, நீச்சல் ஒரு பக்கம். பேண்டு வாத்தியம், எழுத்தணிக்கலை, தேநீர் விருந்து முறை, வானொலி அறிவிப்பு இன்னொரு பக்கம். ஒரு மாணவர் பெரும்பாலும் ஒரே மன்றத்தில்தான் சேர்வார். மூன்று ஆண்டும் அதிலேயே இருப்பார். மூத்தவர் இளையவருக்குக் கற்றுத்தருவார். இளையவர் பந்து பொறுக்கி, மைதானத்தை நிரவி, தன் முறைக்குக் காத்திருப்பார்.

வசந்தப் போட்டிக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. மூன்றாம் ஆண்டு மாணவர்கள் மார்ச் தொடக்கத்தில் பட்டம் வாங்கிப் போய்விடுவார்கள். புதியவர்கள் ஏப்ரலில்தான் வருவார்கள். நடுவே வரும் கோஷியெனுக்கு ஒவ்வொரு பள்ளியும் இரண்டே வகுப்பு மாணவர்களோடு போகிறது. நூறு பேர் பயிற்சி செய்யும் பெரிய தனியார் பள்ளிக்கு இது பொருட்டில்லை. தாதாமி போன்ற பள்ளிக்கு ஒவ்வொரு ஆளும் கணக்கு.

ஆட்டம் களத்தில் நடந்தாலும், பள்ளியின் மற்ற மன்றங்கள் எல்லாம் கூடும் இடம் 'ஆல்ப்ஸ் ஸ்டாண்டு'. உள்வட்டத்துக்கும் வெளிவட்டத்துக்கும் இடையே, இருபுறமும் செங்குத்தாக எழும் படிவரிசை அது. இரவெல்லாம் பஸ்ஸில் பயணம் செய்து வந்த மாணவர்கள், பட்டம் வாங்கிப் போன மூத்தவர்கள், பெற்றோர், ஊர்க்காரர்கள் எல்லோரும் ஒரே நிறத் தொப்பியோடு அங்கே உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு ஆட்டக்காரர் மட்டை பிடிக்க வரும்போதும் பேண்டு அவருக்கென்று ஒரு பாட்டை எடுக்கும். அவர் அவுட் ஆனால் பாட்டு நின்று அடுத்தவரின் பாட்டு ஆரம்பிக்கும். சின்னப் பள்ளியில் பேண்டு வாசிக்க ஆள் போதவில்லை என்றால், வேறு பள்ளியின் பேண்டு வந்து கைகொடுக்கும். தங்கள் பள்ளி ஆடாத ஆட்டத்துக்கு மூச்சைப் பிடித்து ட்ரம்பெட் ஊதும் அந்தப் பிள்ளைகளும் இந்தப் போட்டியில் பங்கெடுப்பவர்கள்தான். அத்தனை பேரையும் அழைத்து வரும் செலவுக்குப் பழைய மாணவர்களும் ஊர்க்காரர்களும் நன்கொடை தருகிறார்கள்.

தொடக்க விழாவில் ஒவ்வோர் அணிக்கும் முன்னால் பள்ளியின் பெயரைத் தாங்கிய பலகை வரும். அந்தப் பெயரைத் தூரிகையால் எழுதியவர்களும் பள்ளி மாணவர்களே; பன்னாட்டு எழுத்தணிப் போட்டியில் பரிசு பெற்றவர்கள். விழாவைத் தொகுத்து வழங்குவது ஒலிபரப்பு மன்ற மாணவர்கள். தேசிய கீதத்தைத் தனியாக நின்று பாடுவது மாணவர்களுக்கான இசைப் போட்டியில் வென்ற மாணவர். பேஸ்பால் தெரியாத பிள்ளைக்கும் இந்த மைதானத்தில் ஒரு வேலை இருக்கிறது என்பதே வசந்தப் போட்டியின் மிகப் பெரிய அழகு.

வென்ற அணியின் பள்ளிப் பாடல் ஒலிக்க, ஆட்டக்காரர்கள் வரிசையாக நின்று பாடும் வழக்கம் 1929 வசந்தப் போட்டியில் பிறந்தது. அதற்கு யோசனை சொன்னவர் கினுவே ஹிதோமி. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்று, ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் ஜப்பானியப் பெண் ஆனவர். அப்போது மைனிச்சி நாளிதழில் நிருபராக இருந்தார். 1931-இல், 24 வயதிலேயே இறந்துபோனார். கோடைப் போட்டி இந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டது 1957-இல்.

பள்ளிக்கும் ஊருக்கும் உள்ள உறவு எவ்வளவு ஆழமானது என்பதை 2011 காட்டியது. மார்ச் 11-இல் வடகிழக்கு ஜப்பானைப் பூகம்பமும் சுனாமியும் தாக்கின. போட்டி தொடங்க இருந்தது 23-ஆம் தேதி. நடத்தலாமா என்ற தயக்கத்துக்குப் பிறகு, ஆல்ப்ஸ் ஸ்டாண்டில் ட்ரம்பெட் ஒலிக்காமல் நடத்தினார்கள். செண்டாய் நகரத்தின் தொஹோகு பள்ளி அணி, நிவாரண வேலைகளில் கைகொடுத்துவிட்டு கோஷியெனுக்கு வந்து ஆடியது.

அடுத்த ஆண்டு, 21-ஆம் நூற்றாண்டு இடத்தில் வந்தது இஷினோமாகி தொழிற்பள்ளி. சுனாமி நீர் இந்தப் பள்ளியின் மைதானத்தை மூழ்கடித்திருந்தது. சேற்றையும் இடிபாடுகளையும் மாணவர்களே அள்ளினார்கள். செப்டம்பரில் புயல்மழை வந்து மைதானத்தை மறுபடியும் மூழ்கடித்தது. மறுபடியும் அள்ளினார்கள். அந்த இலையுதிர் காலத்தில் மாகாணப் போட்டியில் இரண்டாமிடம் பிடித்தார்கள். கோஷியென் தொடக்க விழாவில் உறுதிமொழி எடுக்கும் கேப்டனைச் சீட்டுப்போட்டுத்தான் தேர்ந்தெடுப்பார்கள். 32 கேப்டன்களில் சீட்டு விழுந்தது இஷினோமாகி கேப்டனுக்கு. ஆட்டத்தில் 0–4 என்று பின்தங்கியிருந்த அணி நாலாவது இன்னிங்ஸில் ஐந்து ரன் எடுத்து முந்தியது. கடைசியில் 5–9 என்று தோற்றது. 2016-இல், அதே சுனாமியில் சிதைந்த கமாய்ஷி நகரத்தின் பள்ளி வந்து முதல் ஆட்டத்தை 2–1 என்று வென்றது. 2024 புத்தாண்டு நாளில் நோட்டோ தீபகற்பத்தைப் பூகம்பம் உலுக்கியபோது, வாஜிமா நகரப் பள்ளி ஒன்றின் அணி யமனாஷி மாகாணத்துக்கு இடம்பெயர்ந்து பயிற்சி செய்து, மார்ச்சில் கோஷியெனில் இறங்கியது. தோற்றது ஒரே ஒரு ரன்னில்.

இவ்வளவு அன்பைக் கொட்டும் ஒரு வழக்கத்துக்குள் கொடுமையும் நுழைந்துவிடும். 2013 வசந்தப் போட்டியில் 16 வயதுப் பிட்சர் ஒருவர் ஐந்து ஆட்டங்களில் 772 பந்துகள் வீசினார். அவர் தோள் என்னாகும் என்ற கேள்வி நாட்டைத் தாண்டியும் எழுந்தது. 2020-இலிருந்து ஒரு பிட்சர் ஒரு வாரத்தில் 500 பந்துக்கு மேல் வீசக்கூடாது என்று விதி வந்தது. அது போதுமா என்ற விவாதம் ஓயவில்லை; ஓயவும் கூடாது. ஆசிரியர்களின் நிலையும் கவலைக்குரியது. மாலையும் சனி, ஞாயிறும் மன்றத்துக்கே போய்விட, வீட்டுக்கென்று அவர்களுக்கு மிஞ்சும் நேரம் மிகக் குறைவு. பெண்களுக்கோ கதவு மெல்லத்தான் திறக்கிறது. நெடுங்காலம் மேனேஜர் வேலை மட்டுமே அவர்களுக்கு இருந்தது. 2023 வசந்தத்தில் தொகுஷிமா மாகாணத்தின் ஜோத்தோ பள்ளி மேனேஜர் மாணவி, ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில் மட்டை பிடித்து ஆட்டக்காரர்களுக்குப் பந்தடித்துக் கொடுத்தார்; கோஷியெனில் ஒரு பெண் மேனேஜர் அதைச் செய்தது அதுவே முதல்முறை. பெண்களுக்கான தனிப் போட்டியின் கோடை இறுதியாட்டம் 2021 முதல் கோஷியெனிலேயே நடக்கிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய நெருக்கடி, பிள்ளைகள் குறைந்துவருவது. 2014-இல் பள்ளி பேஸ்பால் அணிகளில் 1,70,000 பேருக்கு மேல் இருந்தார்கள். 2024-இல் சுமார் 1,27,000. ஒன்பது பேர் சேராத பள்ளிகள் இரண்டு மூன்றாகக் கூடி ஒரே அணியாக ஆட 2012 கோடையிலிருந்து சம்மேளனம் இடம் கொடுத்திருக்கிறது. அந்த அணி களத்தில் நிற்கும்போது ஒவ்வொருவரும் தன் பள்ளிச் சீருடையையே போட்டிருப்பதைப் பார்க்கலாம். ஒரே அணியில் மூன்று நிறம்.

ஆகவே ஏப்ரல் முதல் வாரம் சின்னப் பள்ளிகளுக்கு மார்ச் மாதத்தைவிட முக்கியமானது. நுழைவு விழா முடிந்ததும் உடற்பயிற்சிக் கூடத்தில் மன்றங்கள் ஒவ்வொன்றாக வந்து தங்களை அறிமுகம் செய்துகொள்ளும். பேண்டுக் குழு வாசிக்கும், கெண்டோக் குழு மூங்கில் வாளைச் சுழற்றும், பேஸ்பால் பையன்கள் கையுறையோடு நின்று எங்களோடு வாருங்கள் என்று கூப்பிடுவார்கள். எதிரே தரையில் உட்கார்ந்திருக்கும் புதிய மாணவர்களில் எத்தனை பேர் பெயர் கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து, கோடையில் சொந்த அணி இருக்குமா, பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர வேண்டுமா என்பது முடிவாகும்.

(அடுத்த வாரம்: மன்றங்களைப் பள்ளியின் கையிலிருந்து எடுத்து ஊரின் கையில் கொடுக்க 2023-இல் ஜப்பான் தொடங்கிய முயற்சி.)