நடையோடு நினைவும் தளரும் நோய்: சட்டம் சொல்லாமல் விட்ட பாதி

புது தில்லி: தமிழக எல்லையை ஒட்டிய பாலக்காடு மாவட்டப் பெருமாட்டி ஊராட்சி நாடறிந்த பெயர். அங்குள்ள பிளாச்சிமடையில் 2000-ல் தொடங்கிய கோக-கோலா ஆலைக்கு 2003-ல் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது இந்த ஊராட்சி. 2004-ல் உற்பத்தி நின்றது.

அதே நிறுவனம் 1977-ல் இந்தியாவை விட்டு வெளியேறியபோது மத்திய தொழில் துறை அமைச்சராக இருந்தவர் ஜார்ஜ் பெர்னாண்டஸ். அனல் பறக்கப் பேசிய அந்தத் தலைவரை அல்சைமரும் பார்கின்சன் நோயும் முடக்கின. 2010-ல் அவரது மாநிலங்களவைப் பதவிக்காலம் முடிந்த நேரத்தில், அவரை யார் பராமரிப்பது என்ற குடும்ப வழக்கு தில்லி உயர் நீதிமன்றத்தில் நடந்தது. 2019 ஜனவரி 29-ல் அவர் காலமானார்.

இந்நோயாளிகளுக்கு நாடாளுமன்றம் செய்தது என்ன? 1995-ம் ஆண்டுச் சட்டம் 7 வகை ஊனங்களையே அங்கீகரித்தது. 2016 டிசம்பரில் நிறைவேறிய மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கி, பார்கின்சன் நோயையும் சேர்த்தது. ஆனால், அட்டவணை தரும் விளக்கம் நடுக்கம், தசை இறுக்கம், அசைவின் மந்தம் ஆகியவற்றையே பேசுகிறது. அறிவாற்றல் குறைவு பற்றி ஒரு சொல்லும் இல்லை. 1817-ல் இந்நோயை முதலில் விரிவாக எழுதிய லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்கின்சனும், அறிவு பாதிக்கப்படுவதில்லை என்றே கருதினார்.

இன்றைய மருத்துவம் அதை ஏற்பதில்லை. நடப்பது கால்களின் வேலை மட்டுமல்ல. கவனமும் திட்டமிடலும் வேண்டும். எனவேதான் பேசிக்கொண்டே நடக்கும் நோயாளி சட்டென நிற்கிறார். திரும்பும்போது, கால் தரையில் ஒட்டியதுபோல் தடுமாறி விழுகிறார். நடுக்கத்தையும் இறுக்கத்தையும் குறைக்கும் லெவோடோபா மருந்து, நிலைதடுமாறி விழுவதற்கும் மறதிக்கும் அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை.

பார்கின்சனைப் போலத் தோன்றும் வேறு நோய்களும் உண்டு. சிலவற்றில் தொடக்கத்திலேயே அடிக்கடி விழுவார்கள். சிலவற்றில் மறதியே முந்திக்கொள்ளும். மூளை அறைகளில் நீர் தேங்கினாலும் நடை தளரும், நினைவு மங்கும், சிறுநீர்க் கட்டுப்பாடு போகும். உரிய காலத்தில் கண்டறிந்தால், நீரை வடிக்கும் அறுவைச் சிகிச்சையால் பலருக்கு இது சீராகும். "வயதானால் அப்படித்தான்" என்று வீட்டில் வைத்திருப்பது இந்த வாய்ப்பைப் பறித்துவிடும்.

சட்டத்தின் 14-வது பிரிவு, தாமாக முடிவெடுக்க இயலாதவருக்கு அவரைக் கலந்தே செயல்படும் வரையறுக்கப்பட்ட பாதுகாவலரை நியமிக்க வழி செய்கிறது. நினைவு தளர்வோருக்கு மிகவும் தேவையான பிரிவு இதுதான். ஆனால், நோயின் விளக்கத்திலேயே நினைவுக்கு இடமில்லை.

இட ஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கு 40 சதவீத பாதிப்பு என்று சான்று வேண்டும். முன்னாள் அமைச்சரின் குடும்பம் உயர் நீதிமன்றத்தை நாட முடிந்தது. பெருமாட்டியின் விவசாயக் கூலிக்கு அந்த வசதி இல்லை. அவருக்கு அட்டவணையின் வரிகளே துணை. அவ்வரிகளில் விடுபட்டதைச் சேர்க்க வேண்டிய இடம் நாடாளுமன்றம்தான்.