உங்களுக்குத் தெரியுமா? அறிகுறியற்ற தாய்க்கோழியும் நடுங்கும் குஞ்சும்

ராஜபாளையம், திருவில்லிபுத்தூரை அடுத்த ஆலங்குளம் போன்ற ஊர்களில், 21 நாள் அடைகாத்தும் கூமுட்டை மிகுந்தால் வெயிலையோ சேவலையோ குறை சொல்வது வழக்கம். ஆனால் தாய்க்கோழியின் உடலில் அறிகுறியின்றித் தங்கிய நச்சுயிரியும் அதற்குக் காரணமாகலாம். அந்நச்சுயிரியால் வரும் பறவை மூளைத் தண்டுவட அழற்சி என்னும் நோய், 1930இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் இரண்டு வாரக் குஞ்சுகளிடம் முதன்முதலில் கண்டறியப்பட்டு, கொள்ளை நடுக்கம் என்றும் பெயர்பெற்றது.

முட்டையிடும் பருவத்தில் தொற்றுக்குள்ளான கோழி நடுங்குவதில்லை. இரண்டு வாரத்துக்குள்ளாக முட்டை சற்றுக் குறைந்து மீள்வதே வெளியே தெரியும். அச்சிறு இடைவெளியில் இடப்படும் முட்டைகளுள் நச்சுயிரி புகுவதால், சில கருக்கள் பொரிப்புக்கு முந்தைய இறுதி நாள்களில் மடிய, பொரிந்தவை முதல் வாரத்திலேயே கால் தளர்ந்து கணுக்காலில் அமர்ந்துவிடுகின்றன. கண்ணுக்குப் புலப்படாத நடுக்கம்கூட, குஞ்சைக் கையில் ஏந்தினால் மெல்லிய அதிர்வாக உள்ளங்கையில் தெரியும். தீவனத்தையும் தண்ணீரையும் எட்ட முடியாமலும், பிற குஞ்சுகளால் மிதிபட்டும் அவை இறப்பது வேதனைக்குரியது. பிழைத்தவற்றுள் சில பின்னாளில் கண்புரையால் பார்வை இழக்கின்றன.

வெள்ளைக்கழிச்சல் என்ற மற்றொரு கோழி நோயிலும் நடுக்கம் உண்டாயினும், அது பெரிய கோழிகளையும் வீழ்த்தும். கொள்ளை நடுக்கத்துக்குச் சிகிச்சை இல்லை. எனவே இனப்பெருக்கக் கோழிகளுக்கு 8 வார வயதுக்குப் பின், முட்டையிடத் தொடங்குவதற்குக் குறைந்தது 4 வாரம் முன்னதாக உயிர்த் தடுப்பூசி தரப்படுகிறது. அதனால் உண்டாகும் எதிர்ப்பொருள் மஞ்சள் கரு வழியே குஞ்சைச் சென்றடைகிறது.